பல்லியைக் கொண்டுவந்து விட்டது மெரின் இல்லை

இல்லவே இல்லை. லோர்னா பாஸ்கோ கண்டது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மெரின் கல்லண்டர் ஊர்ப் பொதுநிலத்தில் குனிந்து, நீலப் பக்கெட்டைச் சாய்த்து, உள்ளே இருந்த பல்லியைப் புல்லில் விட்டாள். தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று லோர்னா அதைப் பார்த்தாள். அதுவரைக்கும் சரி. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே பல்லியை அதே இடத்திலிருந்து எடுத்துத்தான் பக்கெட்டில் போட்டாள் என்பதை லோர்னா பார்க்கவில்லை. அப்போது டோஸ்ட் கருகுகிறதா என்று பார்க்கப் போயிருப்பாள். பாதிப் படம் பார்த்தவள் முழுக்கதை சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"எங்கிருந்தோ பிடிச்சுட்டு வந்து விட்டுட்டா, ஐவி. கெழடுங்களுக்கு வீடு வரக் கூடாதுன்னே பண்ணினா. பெத்த அப்பனைவிட அவளுக்குப் புல்லும் பூச்சியும்தான் ஒசத்தி" என்று பேக்கரியில் எல்லார் முன்னாலும் என்னிடம் சொன்னாள்.

"நான் பக்கத்துலயே நின்னேன், லோர்னா. அது படுத்திருந்த கூரை ஓட்டைத் தூக்கினதே நான்தான்."

"உனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லையே."

"உன் ஜன்னலைவிட என் கண்ணு தேவலை. அதைத் தொடச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். எங்கள் டெரிங்கல் ஊரில் ஈர விறகு இருந்தாலே போதும், தானாகப் புகையும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாரும் திருத்த வேண்டாம்.

மெரின் வேறு எங்கிருந்தோ வந்தவள் இல்லை. இந்தச் சமவெளியில், இந்தக் காற்றில் பிறந்தவள். அவள் அப்பா ஹெக்டர் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூறியவர். அவர் "போச்சு!" என்று சுத்தியலைத் தட்டினால் மூன்று பண்ணை தள்ளி நாய் குரைக்கும். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டதும் மெரின் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் தரை கூட்டினாள், கம்பளி பொறுக்கினாள், கத்தரிக்கிற ஆண்களின் வாய்க்கு வாய் கொடுத்துப் பழகினாள். பிறகு பம்புசெட் விற்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் பம்புசெட் விற்றுக்கொண்டே வடக்கே போனான், இன்னும் வடக்கே போனான், கடைசியில் திரும்பி வர மறந்துவிட்டான். அழுதாளா என்றால், ஒரு சாயங்காலம் அழுதாள். மறுநாள் அவன் விட்டுப்போன தூண்டில் பெட்டியைக் கழுவி அதில் புல்விதைகளைப் போட்டு வைத்தாள். அதற்கப்புறம் தபாலில் பாடம் வரவழைத்துப் படித்து, நரை தெரிந்த பிறகு பட்டம் வாங்கினாள்.

அவள் செய்கிற வேலை இதுதான். ஒரு இடத்தில் ரோட்டை அகலப்படுத்த வேண்டும், கல் உடைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்றால், புல்டோசருக்கு முன்னால் மெரின் போவாள். இந்த மண்ணுக்கே உரிய புல்லும் செடியும் அங்கே என்ன மிச்சம் இருக்கிறது, அழிந்துவருகிற உயிர் ஏதாவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். இருந்தால் அங்கே வேலை நின்றுபோகும். குழாயை வளைத்து ஒரு சதுரம் செய்து வைத்திருக்கிறாள். அதைப் புல்மேல் போட்டுவிட்டு, முட்டி போட்டு, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சதுரத்துக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பின்னாலிருந்து பார்த்தால் தலை தெரியாது. ஊரில் பாதிப் பேருக்கு அவளை அந்தப் பக்கமாகத்தான் அடையாளம் தெரியும்.

பொந்து விட்ட மரம் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பதையும் விடமாட்டாள். அவள் வீட்டு ஃப்ரீசரை யோசித்துத்தான் திறக்க வேண்டும். ஐஸ்கிரீம் என்று டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு ஆந்தை உங்களைப் பார்க்கும்.

வெளியூர்களில் அவளைத் திட்டாத ஆள் இல்லை. திட்டட்டும், வேலை முடிந்தால் வண்டியேறி வந்துவிடலாம். சொந்த ஊரில் அப்படியா? திட்டுகிறவனே நாளைக்குப் பேக்கரியில் உங்களுக்குப் பின்னால் நிற்பான்.

டெரிங்கலில் முதியோருக்கு வீடு கட்டப்போகிறோம் என்று எங்கள் வட்டாரத்தை நிர்வகிக்கும் ஷயர் ஆபீஸ் அறிவித்தது. சின்னச் சின்ன வீடுகள், வாசலில் படி கிடையாது, தினமும் நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவாள். இடம் ஊர்ப் பொதுநிலம். ஒரு பக்கம் ஃபுட்டி என்று நாங்கள் சொல்கிற கால்பந்து மைதானம், மறுபக்கம் என் வீடும் லோர்னா வீடும் இருக்கிற தெரு. அந்த அறிவிப்பைக் கேட்டு ஊரில் யாரைவிடவும் சந்தோஷப்பட்டவள் மெரின்தான். ஹெக்டரின் இரண்டு காலும் ஓய்ந்துபோய், அவர் இரண்டு மணி நேரத் தூரத்தில், கடலோர நகரம் ஒன்றில், முதியோர் விடுதியில் இருந்தார். மெரினின் வீடு உயரமான கட்டைகள்மேல் நிற்கிறது. ஏற வேண்டுமானால் படிகள்தான். படிகூடப் பெரிதில்லை. "வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று அவள் கூப்பிட்டபோது ஹெக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்:

"பெத்த பொண்ணு கையால குளிக்கிறதுக்கு நான் நாறியே சாவேன்."

ஆக, அந்தச் சின்ன வீடு வந்தால்தான் ஹெக்டர் ஊருக்கு வருவார். அந்த வீடு வரலாமா என்று நிலத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவளும் மெரின். அவள் நேராக ஷயர் ஆபீஸுக்குப் போனாள்.

"எங்கப்பாவே அந்த வீட்டுக்குக் காத்திருக்கார். இதுக்கு வேற ஆளைப் போடுங்க."

அங்கிருந்தவர் சிரித்தாராம். "அந்த வீட்டுக்குக் காத்திருக்கற அப்பனோ அம்மாவோ அத்தையோ இல்லாத ஆள் ஒருத்தனைக் காட்டு, மெரின். அவனைப் போடறேன். என் மாமியாரும் காத்திருக்கா. நீ பாத்துச் சொல்லு, மேலிடத்துல இன்னொருத்தர் சரிபார்ப்பாங்க."

இப்படித்தான் அந்தக் குளிர்காலத்தில் மெரின் பழைய ஓடுகளை பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் ஏற்றிவந்து, பொதுநிலத்துப் புல்மேல் வரிசை வரிசையாகப் பரப்பினாள். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் சும்மா இருப்பேனா?

"ஏன் மெரின், கூரையை முதல்ல போட்டுட்டு வீட்டை அப்புறமாக் கட்டுவாங்களா?"

"காலை வெயில்ல ஓடு சூடாகும், ஐவி. அந்தச் சூட்டுக்கு அது அடியில வந்து படுக்கும். ஆனா ஓடு கொஞ்ச நாள் அசையாமக் கெடக்கணும். அப்பத்தான் நம்பி வரும்."

"எது வரும்?"

"கால் இல்லாத பல்லி. ஒடம்புல வரி ஓடும். இந்தச் சமவெளிப் புல்லைத் தவிர வேற எங்கயும் பொழைக்காது. புல்லு போச்சு, அதுவும் போயிட்டிருக்கு."

"கால் இல்லேன்னா அதுக்குப் பேரு பாம்பு."

"பாம்புக்குக் காது ஓட்டை கிடையாது. இதுக்கு உண்டு. நல்லாப் பக்கத்துல போய்ப் பாத்தாத் தெரியும்."

"அதோட காதைப் பாக்கற தூரத்துக்கு நான் போறதா இல்ல."

அவள் சிரித்தாள். "இங்க ஒண்ணும் இருக்காது. சந்தைக்கு வர்ற ஆடெல்லாம் காலங்காலமா மேஞ்ச எடம்."

செப்டம்பரில், எங்கள் பக்கத்து வழக்கப்படி, வசந்தம் பிறந்தது. கூட்டில் குஞ்சு வைத்திருக்கும் மாக்பை பறவைகள் போகிறவர் வருகிறவர் தலையைக் கொத்த ஆரம்பித்தன. மெரின் தலையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு காலையில் போய் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு என் வீட்டுக்கு டீ குடிக்க வருவாள். "இன்னிக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது முகம் மலரும். மலர்ந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிடும், ஸ்கோன் ரொட்டியை எடுத்து வாயில் அடைத்துக்கொள்வாள். அப்பா ஊருக்கு வர வேண்டும் என்று நினைப்பது குற்றமா?

அந்த வருஷம்தான் சுற்று வட்டார ஃபுட்டி இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடப்பதாக முடிவானது. எத்தனையோ வருஷமாக வாய்க்காத அதிர்ஷ்டம். கிளப் தலைவர் டெஸ் ஃபோகர்ட்டிக்குத் தலைகால் புரியவில்லை. டெஸ் கம்பளி கத்தரித்தே முதுகு வளைந்த ஆள். நல்ல மனுஷன், யோசிக்கிறதை மட்டும் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்வார். கிளப்பின் டீ அறைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முந்தின வாரச் சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து கிளப்பைச் செப்பனிடுவது என்று ஏற்பாடு. ஆண்கள் ஏணியும் சுத்தியலுமாக வந்தார்கள், நாங்கள் உள்ளே சாண்ட்விச் வெட்டினோம். மெரின் அன்று அப்பாவைப் பார்க்கப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நானும் டெஸும் டீ அறையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மெரின் வாசலில் வந்து நின்றாள். தலையில் அந்தக் கூடை இன்னும் இருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள்.

டெஸ் பூரித்துப் போனார். "எப்படி? இனி ஒரு சொட்டு இறங்கட்டும் பாப்போம்."

"ஓடு எங்க கெடச்சுது, டெஸ்?"

"பொதுநிலத்துல. எவனோ குப்பையைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்கான். அதுலயும் பாரு, வரிசையா அடுக்கிக் கொட்டியிருக்கான்! இவ்வளவு ஒழுங்கான போக்கிரியை நான் பாத்ததே இல்ல."

"அந்தப் போக்கிரி நான்தான்."

டெஸ் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"பலகை வெச்சிருந்தேனே, டெஸ். தொடாதீங்கன்னு."

"ஆடு ஒரசிக் கவுந்து கெடந்துதே, அந்தப் பலகையா? அதைத்தான் ஏணிக்கு அடியில முட்டுக் குடுத்தோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"எறக்கு" என்றாள்.

"எதை?"

"எல்லா ஓட்டையும்."

"உனக்கென்ன பைத்தியமா? சனிக்கிழமை இறுதி ஆட்டம்! சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்து இந்த ரூம்லதான் டீ குடிக்கப் போகுது. ஆட்டம் முடியட்டும், நானே எறக்கித் தர்றேன்."

"அதுக்குள்ள நாள் போயிடும். ஓடு மறுபடி கெடந்து பழகணும். அப்புறம் வெயில் ஏறிட்டா அது மேல வராது. இந்த வசந்தம் போனா அடுத்த வசந்தம்தான். வீடு ஒரு வருஷம் தள்ளிப் போகும்."

டெஸ் பெருமூச்சு விட்டார். குரலைத் தணித்துக்கொண்டு, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல்தான் சொன்னார்: "மெரின், கண்ணு. இத்தனை நாள் பாத்தே. ஒண்ணுமில்ல. அதையே எழுதிக் குடுத்துடு. பாத்தேன், இல்லே. பொய்யும் இல்லையே? ஹெக்டர் அடுத்த குளிருக்கு ஊர்ல இருப்பார்."

மெரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா வாரா வாரம் போனில், "செங்கல் வந்துதா? அஸ்திவாரம் தோண்டினாங்களா?" என்று சந்தைக் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாதி பாத்துட்டு இல்லேன்னு சொல்றது, பாக்காமலே சொல்றதைவிட மோசம், டெஸ்" என்றாள் கடைசியில். எழுந்தாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கூரைமேல் ஏறி முதல் ஓட்டைக் கழற்றினாள்.

டெஸ் கீழே நின்று கத்தினார், தொப்பியைத் தரையில் அடித்தார். அப்புறம் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்து செத்தா அதுக்கும் கிளப்புதான் பதில் சொல்லணும்" என்றார்.

சனிக்கிழமை மழை கொட்டியது. கூரைமேல் கட்டிய தார்ப்பாய் காற்றில் கிளம்பி, வெளியூர் கிளப் தலைவரின் மனைவி தலையில் போய் விழுந்தது. ஸ்கோன்கள் கஞ்சியாயின. லாமிங்டன் கேக்கில் சாக்லேட் கரைந்து மேஜையெல்லாம் ஓடியது. எங்கள் ஊர் தோற்றது. அதற்கும் மெரின்தான் காரணம் என்கிறார்கள். டெஸின் தம்பி மகன் வாத்து உதைப்பது மாதிரி பந்தை உதைத்தான், அதுதான் காரணம். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஓடுகள் பழைய இடத்துக்கே திரும்பின. சில வாரம் அவற்றை யாரும் தொடவில்லை. கங்காருப் புல் செம்மண் நிறத்துக்குத் திரும்பியது. நடுநடுவே முர்நாங் பூ மஞ்சளாகத் தலையாட்டியது. அதன் கிழங்கைத்தான் இந்த மண்ணின் பழைய மக்கள் தோண்டிச் சுட்டுத் தின்றார்கள். நாங்கள் எல்லாம் வருவதற்கு முன்னால் இந்தச் சமவெளி முழுக்க இப்படித்தான் இருந்ததாம். நவம்பரில் மெரின் மறுபடி தூக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் காலை அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, நானும் உதவிக்குப் போனேன். கையில் என் மண்வெட்டி. பாம்புக்காகத்தான், வேறெதற்கு?

நான் தூக்கிய ஓட்டின் அடியில் அது இருந்தது. சாம்பல் பழுப்பில், உடம்பெல்லாம் கோடு ஓடி, என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. வால் மட்டும் நீளமோ நீளம். நான் மண்வெட்டியை ஓங்கிவிட்டேன். மெரின் முதுகு வலியை மறந்து ஆடு பாய்வதுபோல் பாய்ந்து அதன்மேல் கையைக் குவித்தாள். மண்வெட்டி அவள் தொப்பியில் பட்டு வழுக்கியது.

"ஐவி! அது பல்லி!"

"காதைக் காட்டு!"

காட்டினாள். நிஜமாகவே ஓட்டை இருந்தது. கண்ணுக்குப் பின்னால், ஊசி குத்தின மாதிரி. பாம்புக்குக் காது வைத்துப் படைக்க ஆண்டவனுக்கு மறந்துபோயிருக்கலாம், இதற்கு மறக்கவில்லை.

அவள் அதை மெதுவாக நீலப் பக்கெட்டில் விட்டாள். அளந்தாள், படம் எடுத்தாள். பிறகு பக்கெட்டுக்குப் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டு அதனிடம் பேசினாள்.

"ஏண்டா, இவ்வளவு பெரிய சமவெளி கெடக்கு. இங்கதான் வந்து படுக்கணுமா? போன வருஷமே வேற எங்கயாவது போய்த் தொலைஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. "என்ன அழகா இருக்கே, நாசமாப் போறவனே."

அப்புறம் பக்கெட்டைச் சாய்த்து, எடுத்த இடத்திலேயே அதை விட்டாள். லோர்னாவின் ஜன்னல் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லப் போனாள். துணைக்கு நானும் போனேன். ஹெக்டர் பூசணிக்காய் மசியலைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஓடு, கூரை, பல்லி, ஒன்று விடாமல். அவர் கடைசிவரை கேட்டார்.

"அதுக்குக் காலே இல்லையா?"

"இல்லப்பா."

"எனக்கும்தான் இல்ல. அதுக்கு மட்டும் ஏக்கர் கணக்குல வீடு, எனக்குப் பூசணிக்காயா?"

விடுதியே திரும்பிப் பார்த்தது. திரும்பி வரும்போது வழியெல்லாம் மெரின் ஓட்டினாள், நான் ஜன்னலுக்கு வெளியே செம்மறிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில், "அவர் சொன்னதுல தப்பு என்ன இருக்கு, ஐவி?" என்று மட்டும் கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊர் மண்டபத்தில் கூட்டம். உட்கார இடமில்லை. மெரின் எழுந்து நின்று சொன்னாள்: லோர்னா வீட்டுத் தெருப் பக்கம் இருக்கிற பாதியில்தான் பழைய புல் உயிரோடு இருக்கிறது, பல்லியும் அங்கேதான். மைதானத்துப் பக்கத்துப் பாதியை அந்தக் காலத்திலேயே உழுது ஓட்ஸ் போட்டுவிட்டார்கள். அங்கே வந்தேறிப் புல்லையும் முள்ளையும் தவிர வேறெதுவும் கிடையாது. வீட்டை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை.

"கொண்டாந்து விட்டவளே எடமும் காட்டுறா" என்றாள் லோர்னா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்து.

நான் எழுந்து பக்கெட் கதையைச் சொன்னேன். மண்வெட்டியையும் மறைக்கவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் நம்பவில்லை. அது பரவாயில்லை. உண்மையான எதிர்ப்பு டெஸிடமிருந்து வந்தது.

"அந்தப் பக்கமா? அங்கதானே காரை நிறுத்துறோம்! கோல் போஸ்ட்டுக்கு நேரா! நம்ம பய கோல் போட்டா அங்கேர்ந்து ஹாரன் அடிக்கணும். எங்கப்பன் காலத்துலேர்ந்து அடிக்கிறோம். ஹாரன் அடிக்காத கோல் ஒரு கோலா?"

மண்டபத்தில் பாதி, "ஆமாம், ஆமாம்" என்றது. இது சாதாரண விஷயமில்லை. இங்கே ஆட்டத்தைக் காருக்குள் உட்கார்ந்து, கையில் சூடான இறைச்சிப் பணியாரத்தை வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் வழக்கம். கைதட்டினால் காற்று கொண்டுபோய்விடும், ஹாரனைக் கொண்டுபோக முடியாது. மெரினும் அந்தக் கார்களுக்குள் வளர்ந்தவள்தான்.

முன் வரிசையில் டெஸின் அம்மா மேவ் உட்கார்ந்திருந்தாள். தொண்ணூறு தாண்டியவள். காது மந்தம், அதனால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வாள்.

"டெஸ்மண்ட்! வீடு அந்தப் பக்கம் வந்தா என் ஜன்னல்லேர்ந்து ஆட்டம் தெரியுமா?"

"அம்மா, இப்ப அது இல்ல பேச்சு."

"தெரியுமா தெரியாதா?"

"...தெரியும்."

"கட்டில்ல படுத்துக்கிட்டே?"

"தெரியும்மா."

"அப்ப ஹாரனை எங்கிட்டக் குடு. நான் அடிக்கிறேன்."

மண்டபம் அதிர்ந்தது. வயசானவர்கள் எல்லாரும், எனக்கு கோல் போஸ்ட் பக்கம், எனக்கு நடு மைதானம் என்று அங்கேயே ஜன்னலுக்குச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். கைதூக்கச் சொன்னபோது டெஸும் தூக்கினார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாளே.

ஆனால் ஷயரிலிருந்து வந்த அம்மாள் கடைசியில் ஒன்று சொன்னாள். படம் புதிதாகப் போட வேண்டும், தண்ணீர்க் குழாயை மாற்ற வேண்டும், வீடு வர இன்னும் இரண்டு குளிர்காலம் ஆகும். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். மெரின் மட்டும் சிரிக்கவில்லை. ஹெக்டருக்கு இரண்டு குளிர்காலம் என்பது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவள் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். டெஸ் வந்தார். கூட்டத்தில் விட்டுப்போன என் கேக் தட்டு அவர் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"ஹெக்டர் ஏன் உன் வீட்டுக்கு வரமாட்டேங்கறார்? படியா?"

"படி ஒண்ணு. எங்கையால குளிக்க மாட்டாராம். அதான் பெரிசு."

"படிக்குப் பதிலா சக்கர நாற்காலி ஏற மரச் சரிவு அடிச்சுடலாம். பசங்களைக் கூட்டிட்டு ஒரு சனிக்கிழமை வர்றேன். இந்தத் தடவை பலகையைக் கேட்டுட்டே எடுக்கறேன்." தொண்டையைச் செருமினார். "குளிக்கறதுக்கு... நான் வாழ்நாள் பூரா கிடாவைப் பிடிச்சு மருந்துத் தொட்டியில முக்கினவன், மெரின். ஹெக்டர் ஒரு கிடாவைவிட ஜாஸ்தியா ஒதைப்பாரா?"

மெரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நான் டீயை வேறு பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அப்போதே போன் போட்டோம். டெஸ்தான் பேசினார்.

"ஹெக்டர், வாரத்துக்கு ரெண்டு நாள் நான் வந்து உன்னைத் தேய்ப்பேன். நர்ஸும் வந்து பாத்துட்டுப் போகும்."

"உன் கை ஆட்டுக்குத்தாண்டா லாயக்கு!"

"உன் தாடிக்கும் அதேதான் லாயக்கு. சந்தையில என் ஆட்டையெல்லாம் எத்தனை தடவை மட்டமா வித்தே? அதுக்குப் பழிவாங்க எனக்கும் ஒரு வாய்ப்பு வேணாமா?"



"தண்ணி சூடா இருக்கணும்" என்றார் ஹெக்டர்.

சரிவு போட்டு முடிய ஜனவரி ஆனது, எங்கள் பக்கத்தில் அது நடுக்கோடை. வெயிலில் ஆண்கள் ஆணி அடித்தார்கள், நான் எலுமிச்சைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். லோர்னாகூட ஒரு பழக் கேக் அனுப்பினாள். அனுப்பும்போதே, "இருந்தாலும் பக்கெட்டை நான் பாத்தேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவள் மாறமாட்டாள், நானும் மாறமாட்டேன்.

வெயில் தணிந்த ஒருநாள் மெரின் அப்பாவை அழைத்துவரப் போனாள். நானும் கூடப் போனேன். ஹெக்டர் தொப்பி வைத்துக்கொண்டு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார். கூடத்தில் மற்ற கிழவர்கள் எல்லாரும் வழியனுப்ப உட்கார்ந்திருந்தார்கள். அவர் சும்மா போவாரா? கையைத் தூக்கிச் சந்தைக் குரலை எடுத்தார்.

"ஜன்னலோரக் கட்டில்! மெத்தை புதுசு! கடல் காத்து சும்மா வரும்! யாரு கேக்கறது? அந்த மூலையில சிவப்புச் சட்டை... ஒருதரம்... ரெண்டுதரம்... போச்சு!"

சிவப்புச் சட்டைக்காரர் எழுந்து கை தட்டினார். நர்ஸ்கள் சிரித்தார்கள். மெரின் நாற்காலியைத் தள்ளினாள். முன் சக்கரம் வாசல் மிதியடியில் மாட்டிக்கொண்டது. "தள்ளு, தள்ளு, ஆட்டுக்குட்டி மாதிரி நிக்காதே" என்று அப்பா அதட்டினார். அவள் நாற்காலியைத் திருப்பினாள். தன் முதுகால் கதவைத் தள்ளித் திறந்து, அப்பாவை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே வெளியே நடந்தாள்.